சாம்பல் நிறத் தாளில் ஒரு நெடுங்கதை: சுரேந்தர் மோகன் பாடக்கின் எழுத்து வாழ்க்கை

இந்தி மொழியில் கடந்த 60 ஆண்டுகளில் மிகுதியாக வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களின் பெயர்களை அம்மொழியின் இலக்கிய வரலாற்று நூல்களில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்நூல்கள் பிரேம்சந்திலிருந்து தொடங்கி அக்ஞேய, நிர்மல் வர்மா என்று ஒரு வழியில் செல்ல, ரயில் நிலையப் புத்தகக் கடைகளும் வாடகை நூலகங்களும் பேருந்து நிலையத் தள்ளுவண்டிகளும் வேறொரு வழியில் சென்றன. அந்த இரண்டாவது வழியில் 1959ஆம் ஆண்டிலிருந்து நடந்துவந்தவர் சுரேந்தர் மோகன் பாடக். ஏறத்தாழ 300 நாவல்கள் எழுதியவர் என்பதே அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் முதல் செய்தி. ஆனால் எண்ணிக்கை மட்டும் பெருமை தருவதாக இருந்தால் அவரைவிட அதிகம் எழுதியவர்கள் இந்தியாவில் உண்டு. கோயம்புத்தூரில் வாழும் ராஜேஷ்குமாரே அதற்குச் சான்று. பாடக்கின் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. படித்துவிட்டுத் தூக்கி எறியப்படுவதற்காகவே அச்சிடப்பட்ட புத்தகங்களில், தான் செய்தவற்றையெல்லாம் மறக்காமல் சுமந்து திரியும் ஒரு கதைமாந்தனை அவர் உருவாக்கினார். அவனுடைய கதையைப் பல பத்தாண்டுகளாக இழை அறாமல் நெய்ததுதான் அவருடைய சாதனை.

இந்தியில் துப்பறியும் கதைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. தேவகி நந்தன் கத்ரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'சந்திரகாந்தா' மாய மாளிகைகளும் மாறுவேட ஒற்றர்களும் நிறைந்த கற்பனைக் கதை. அதைப் படிப்பதற்காகவே பலர் தேவநாகரி எழுத்துகளைக் கற்றார்கள் என்பது வட இந்தியாவில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. அவருக்குப் பின் காஜிப்பூர் மாவட்டத்துக் கஹ்மர் ஊரைச் சேர்ந்த கோபால்ராம் கஹ்மரி, 1900ஆம் ஆண்டில் 'ஜாசூஸ்', அதாவது துப்பறிவாளன், என்ற பெயரில் ஒரு மாத இதழையே தொடங்கினார். இருப்பினும் நவீனத் துப்பறியும் கதைக்கு வட இந்தியாவில் நிலையான வாசகர் கூட்டத்தை உருவாக்கியவர் உருது எழுத்தாளர் இப்னே சஃபி. அலகாபாத்திலிருந்து 1952இல் தொடங்கிய அவருடைய 'ஜாசூசி துனியா' வரிசை, மாதம் ஒரு நாவல் என்ற ஒழுங்கை வாசகர்களுக்குப் பழக்கியது. அவ்வாண்டே அவர் கராச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டபோதும் நாவல்கள் எல்லையின் இருபுறமும் தொடர்ந்து வெளிவந்தன, இந்தியிலும் பெயர்க்கப்பட்டன. அந்த மாத நாவல்களுக்காகக் காத்திருந்த தலைமுறையிலிருந்துதான் அடுத்த கட்ட எழுத்தாளர்கள் புறப்பட்டார்கள். ஓம் பிரகாஷ் சர்மா, வேத் பிரகாஷ் காம்போஜ், பாடக் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். காம்போஜும் பாடக்கும் இளமைக்கால நண்பர்களும் ஆவர்.

பாடக் 1940 பிப்ரவரி 19 அன்று பஞ்சாபில் கேம்கரண் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் பாகிஸ்தான் எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது; 1965ஆம் ஆண்டுப் போரில் பெரும் பீரங்கி வண்டிச் சண்டை நடந்த பகுதி என்ற வகையில் அதன் பெயர் செய்தித்தாள் வாசகர்களுக்கு அறிமுகமானது. அவர் பிறந்தபோது அந்த எல்லை இல்லை. அது வந்தபோது அவருக்கு ஏழு வயது. பிரிவினைக்குப் பின் தில்லி பஞ்சாபிகளின் நகரமாக மாறிய காலத்தில் அவர் அங்கே வளர்ந்தார். வீட்டை இழந்தவர்கள், பெயரையும் தொழிலையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தவர்கள், பழைய ஊரைப் பேச்சில் மட்டும் வைத்திருந்தவர்கள் என அந்த நகரம் நிறைந்திருந்தது. அவருடைய பிற்காலக் கதைமாந்தன் ஒருவன் ஊர் ஊராகப் பெயரை மாற்றிக்கொண்டு அலைவதற்கும் இந்தச் சூழலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அப்படி எண்ணாமல் அக்கதைகளைப் படிப்பது கடினம்.

அறிவியல் படித்து முடித்த பாடக், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை எனப்படும் ஐ.டி.ஐ. நிறுவனத்தின் தில்லிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 1948இல் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்தப் பொதுத்துறை நிறுவனம், நாடு முழுவதும் கறுப்புத் தொலைபேசிகளையும் இணைப்பகக் கருவிகளையும் வழங்கிக்கொண்டிருந்தது. நாவலாசிரியராகப் பெயர் பெற்ற பிறகும் நீண்ட காலம் அவர் அந்த வேலையை விடவில்லை. தமிழ் வாசகர்களுக்கு இங்கே சுஜாதாவின் நினைவு வருவது இயல்பு; அவரும் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே கணேஷ்–வசந்த் கதைகளை எழுதினார். மாதச் சம்பளம் இருவருக்குமே எழுத்தில் ஒரு விடுதலையைத் தந்தது. பதிப்பாளர் பணம் தரத் தாமதித்தாலும் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவனால்தான், தனக்குப் பிடிக்காத கதையை எழுத மறுக்க முடியும். பாடக் காலத்து இந்தி வெகுஜன எழுத்தாளர்கள் பலருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

அவருடைய முதல் சிறுகதை '57 சால் புரானா ஆத்மி' 1959இல் 'மனோஹர் கஹானியாம்' இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது 19. முழு நீள நாவல் அச்சேற மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 1963இல் 'நீலம் ஜாசூஸ்' என்ற இதழில் 'புரானே குனாஹ் நயே குனாஹ்கார்' வெளிவந்தது. பழைய குற்றங்களையும் புதிய குற்றவாளிகளையும் எதிரெதிரே நிறுத்திய தலைப்பு அது. இதழ் என்று சொன்னாலும் அதைத் தமிழ் வார இதழ்களைப் போலக் கருதிவிடக் கூடாது. ஒரு இதழ் முழுவதும் ஒரே நாவல், அடுத்த மாதம் வேறொரு நாவல் என்ற அமைப்பு அது. தமிழில் பின்னாளில் மாத நாவல்களாக வந்த மலிவு வெளியீடுகளோடு ஒப்பிடத் தக்கது. தொடர்கதையில் வாரந்தோறும் ஒரு திருப்பம் வைத்து வாசகரை இழுத்துச் செல்லலாம். முழு நாவலையும் ஒரே இருப்பில் படித்து முடிக்கும் வாசகருக்கு எழுதும்போதோ கதையின் கட்டுக்கோப்பு தளர்ந்தால் அன்றே தெரிந்துவிடும். பாடக்கின் நாவல்களில் முடிச்சும் அவிழ்ப்பும் கணக்கு வழக்கைப் போலச் சரியாக முடிவதற்கு இந்தப் பயிற்சியே அடிப்படை. அக்காலத்தில் இயான் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் கதைகளையும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸின் நாவல்களையும் அவர் இந்தியில் மொழிபெயர்த்தார். சேஸிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது, குற்றவாளியின் பக்கத்திலிருந்து கதையைப் பார்க்கும் பார்வை என்று கருதலாம். ஆனால் அந்தப் பார்வை அவருடைய எழுத்தில் பழுக்கப் பல ஆண்டுகள் ஆயின.

முதல் நாவலிலேயே அறிமுகமான கதாநாயகன் சுனில் குமார் சக்கரவர்த்தி. ராஜ்நகர் என்ற கற்பனை நகரத்தில் 'பிளாஸ்ட்' என்ற நாளிதழின் நிருபர். காவல் ஆய்வாளர் பிரபுதயாளோடு எந்நேரமும் உரசல், யூத் கிளப் நடத்தும் நண்பன் ரமாகாந்தோடு எந்நேரமும் அரட்டை, இடையில் ஒரு கொலை, சந்தேகத்துக்குரிய நான்கைந்து பேர், கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளிப்பாடு என்பது இவ்வரிசையின் பொது அமைப்பு. கொலை செய்தவர் யார் என்ற ஒரே கேள்வியின் மீது நிற்கும் இத்தகைய கதையே முறையான மர்ம நாவல். அடுத்து என்ன நடக்கும், அகப்பட்டவன் தப்புவானா என்ற பதைப்பின் மீது நிற்பது திரில்லர். சுனில் கதைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. கதாநாயகனை நிருபராக வைத்தது கூர்மையான தேர்வு. மேலைநாட்டுக் கதைகளில் வரும் தனியார் துப்பறிவாளருக்கு இந்தியச் சமூகத்தில் அன்று இடமே இல்லை. கொலை நடந்த வீட்டுக்குள் அவர் நுழைவதை எந்தக் காவல்துறை அதிகாரியும் அனுமதிக்கமாட்டார். நிருபருக்கோ கேள்வி கேட்பதே தொழில், காவல் நிலையத்தில் ஆட்களைத் தெரியும், விரட்டினாலும் மறுநாள் செய்தியாக எழுதிவிடுவார் என்ற அச்சம் எதிரிலிருப்பவருக்கு உண்டு. 120க்கும் மேற்பட்ட சுனில் நாவல்கள் அரை நூற்றாண்டைத் தாண்டி நீண்டன. அவற்றை வரிசையாகப் படிப்பவருக்கு, தந்தியும் ட்ரங்க் காலும் இருந்த நகர வாழ்க்கை செல்பேசிக்கு மாறுவது தெரியும். சுனில் மட்டும் இளைஞனாகவே இருப்பான்.

இந்த நாவல்கள் எப்படி வாசகரைச் சென்றடைந்தன என்பதை அறியாமல் பாடக்கின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தியில் இவற்றை 'லுக்தி சாஹித்ய' என்பார்கள். லுக்தி என்பது காகிதக் கூழ். கழிவுத் தாளையும் மட்டமான மரக்கூழையும் கொண்டு செய்த, தொட்டால் சொரசொரப்பான, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறமுடைய தாளில் அச்சிட்டதால் அந்தப் பெயர். தில்லியிலும் மீரட்டிலும் இருந்த 'பாக்கெட் புக்ஸ்' நிறுவனங்கள் பளபளக்கும் அட்டையில் துப்பாக்கியும் பெண்ணும் வரைந்து மாதந்தோறும் கட்டுக்கட்டாக அனுப்பிவைத்தன. அலகாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1877இல் தொடங்கிய ஏ.எச். வீலர் நிறுவனத்தின் ரயில் நிலையக் கடைகள் அவற்றை வட இந்தியா முழுவதும் பரப்பின. தென்னகத்தில் ஹிக்கின்பாதம்ஸ் கடைகள் செய்த வேலையை அங்கே வீலர் செய்தது. வாங்கிப் படித்தவர்களைவிட வாடகைக்கு எடுத்துப் படித்தவர்கள் பன்மடங்கு அதிகம். மளிகைக் கடையின் ஒரு மூலையில், முடிதிருத்தும் நிலையத்தில், சைக்கிள் பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கும்; நாள் வாடகை சில காசுகள். ஒரு பிரதி அட்டை கிழியும்வரை எத்தனை கைகளில் சென்றாலும், எழுத்தாளருக்குக் கிடைப்பது முதலில் பேசிய தொகை மட்டுமே.

இத்தொழிலில் ஒரு கொடுமையும் இருந்தது. பதிப்பகங்கள் தாங்களே ஒரு பெயரை உருவாக்கி, அதைத் தங்கள் வணிக முத்திரையாக வைத்துக்கொண்டு, பலரை அந்தப் பெயரில் எழுத வைத்தன. எழுதியவரின் பெயர் எங்கும் வராது. அவர் விலகிச் சென்றாலும் முத்திரைப் பெயர் மாதந்தோறும் எழுதிக்கொண்டே இருக்கும். புகழ்பெற்ற எழுத்தாளர்களின் பெயரில் போலி நாவல்கள் வெளிவந்ததும் உண்டு. தன் சொந்தப் பெயரில், தன் படத்தோடு, தான் எழுதியதை மட்டுமே வெளியிட்ட எழுத்தாளர் என்ற நிலையைப் பாடக் காப்பாற்றிக்கொண்டது இந்தப் பின்னணியில் சிறிய செய்தி அன்று.

1971இல் 'மௌத் கா கேல்' வெளிவந்தது. அதில் அறிமுகமானவன் விமல். இது அவனுடைய உண்மைப் பெயரன்று. அவன் சர்தார் சுரேந்திர சிங் சோஹல், அலகாபாத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்காளனாக இருந்த சாதாரண சீக்கியன். மனைவி சுர்ஜீத் கௌரும் அவளுடைய காதலனும் சேர்ந்து செய்த சூழ்ச்சியில் கையாடல் குற்றம் சுமத்தப்பட்டுச் சிறைக்குச் சென்று, அங்கிருந்து தப்பி, தலைமுடியையும் தாடியையும் களைந்து, ஊர் ஊராக ஓடத் தொடங்குகிறான். சீக்கியனுக்கு முடி என்பது வெறும் தோற்றமன்று, சமயம் விதித்த அடையாளம். அதைக் களைந்த நாளிலிருந்து விமலுக்குள் ஒரு குற்ற உணர்வு குடிகொள்கிறது. சட்டம் அவன்மீது எழுதிய குற்றப்பட்டியலைவிட அது அவனை அதிகம் வாட்டுகிறது. நெருக்கடி ஒவ்வொன்றிலும் அவன் வாஹேகுருவை அழைக்கிறான். குருவாணி, அதாவது சீக்கிய குருமார்களின் அருள்மொழி, அவன் நாவில் தானாக எழுகிறது. வங்கிக் கொள்ளைக் கதையில் பக்தி இழை ஓடுவதை மேலைநாட்டு முன்மாதிரிகளைக் கொண்டு விளக்க முடியாது. அது பஞ்சாபி வீடுகளிலிருந்து வந்தது.

விமல் வரிசையின் கதை இயந்திரம் எளிமையானது, ஆனால் அயராதது. தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டு, சுவரொட்டியில் முகம் வெளியான ஒருவன் புதிய ஊரில் புதிய பெயரில் ஓட்டுநராகவோ எழுத்தராகவோ அமைதியாக வாழ முயல்கிறான். யாரோ ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொள்கிறார். காவல்துறையிடம் சொல்லாமல் இருக்க ஒரு விலை கேட்கிறார். அந்த விலை, அவர் திட்டமிட்டிருக்கும் கொள்ளையில் அவன் பங்கெடுக்க வேண்டும் என்பது. அவன் மறுக்க முடியாமல் இறங்குகிறான், கொள்ளை நடக்கிறது, பங்காளிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள், முடிவில் விமலின் கணக்கில் மேலும் ஒரு குற்றமும் மேலும் ஒரு மாநிலத்துக் காவல்துறையும் சேர்கின்றன. பம்பாயில் தொடங்கிய இந்த ஓட்டம் அடுத்த நாவலான 'தௌலத் ஔர் கூன்' கதையில் சென்னைக்கும் வருகிறது. ஏழு மாநிலங்களில் தேடப்படுபவன் என்ற அடைமொழி இவ்வாறு நாவல் நாவலாகச் சேர்ந்த ஒன்று. முந்தைய கதையில் செய்ததற்கு அடுத்த கதையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவரை இந்தித் துப்பறியும் நாவல்களில் கதாநாயகன் ஒவ்வொரு முறையும் கறையில்லாமல் புதிதாகப் பிறந்துவந்தான்.

வரிசையின் நான்காவது நாவலான 'பைன்ஸட் லாக் கீ டகைத்தீ' 1977இல் வந்தபோது பாடக்கின் பெயர் உச்சத்துக்குச் சென்றது. 65 லட்சம் ரூபாய்க் கொள்ளை என்பது தலைப்பின் பொருள். அமிர்தசரஸில் மாயாராம் பாவா என்ற பழைய குற்றவாளி விமலை அடையாளம் கண்டு, ஒரு வங்கியின் பாதுகாப்பு அறையைத் திறக்கும் திட்டத்தில் மாட்டிவிடுகிறான். கொள்ளைத் திட்டக் கதை என்ற வகையில் வாசகரின் இன்பம் இரண்டு படிகளில் அமைகிறது: முதலில் ஒவ்வொருவரின் வேலையும் நேரமும் கருவியும் வகுக்கப்படும் திட்டத்தைப் பின்தொடர்வது, பிறகு அத்திட்டம் எந்தக் கணத்தில் எந்த மனிதனால் கெடுகிறது என்று பார்ப்பது. பாடக் முதல் படியில் பொறியாளரின் பொறுமையைக் காட்டுகிறார். இரண்டாம் படியில், பேராசையைவிடச் சந்தேகமே கூட்டாளிகளை அழிக்கிறது என்பதைக் காட்டுகிறார். 65 லட்சம் இன்று ஒரு நகர வீட்டின் விலைகூட இல்லை. ஆனால் 1977ஆம் ஆண்டு வாசகர்களுக்கு, மாதம் சில நூறு ரூபாய் சம்பளம் வாங்கிய எழுத்தர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும், அது எண்ணிப் பார்க்கவே முடியாத தொகை. அட்டையில் இருந்த எண்ணே அவர்களைக் கடையில் நிறுத்தியது.

பிந்தைய நாவல்களில் கதை விரிகிறது. பம்பாயில் ராஜ்பகதூர் பகியா என்பவனின் தலைமையில் இயங்கும் 'கம்பெனி' என்ற குற்ற அமைப்போடு விமல் மோதுகிறான். ஒரு மருத்துவரின் அறுவைச் சிகிச்சையால் முகமே மாறுகிறது. நீலம் என்ற பெண்ணோடு குடும்பம் அமைத்து, அரவிந்த் கௌல் என்ற பெயரில் தில்லியில் அலுவலகம் சென்று வர முயல்கிறான். இந்த இல்லறப் பகுதிகளே வரிசையின் உயிர் என்று சொல்லத் தோன்றுகிறது. மதிய உணவைக் கட்டிக்கொண்டு வேலைக்குச் செல்லும் கௌலை வாசகர் படிக்கும்போது, கதவு எப்போது தட்டப்படும் என்ற பதற்றம் எந்தத் துப்பாக்கிச் சண்டையும் தராத அளவுக்கு ஏறுகிறது. ஆயினும் வரிசை நீள நீள விமல் ஏழைகளைக் காக்கும் வீரனாக உயர்த்தப்பட்டதும், எதிரிகளின் எண்ணிக்கை பெருகியதும் தொடக்க நாவல்களின் நெருக்கத்தைக் குறைத்தன. அகப்பட்டுவிடுவானோ என்று அஞ்ச வைத்த மனிதன், எவராலும் வெல்ல முடியாதவன் ஆனபோது, வேகம் கூடினாலும் பதைப்பு குறைந்தது.

மற்ற வரிசைகளில் சுதீர் கோஹ்லி தில்லியின் தனியார் துப்பறிவாளன். தன்னைப் பற்றித் தானே பேசும், நாக்கில் கூர்மையும் சபலமும் உள்ளவன். ஜீத் சிங் மும்பையில் பூட்டுகளையும் பெட்டகங்களையும் திறக்கும் திறமையால் வாழ்பவன். காதலில் தோற்றுக் குற்றத்தில் இறங்கியவன். இவர்களின் கதைகளில் மேலோங்கி நிற்பது பேச்சு. பாடக்கின் இந்தி, பள்ளிப் பாடநூலின் சமஸ்கிருதம் கலந்த இந்தி அன்று. உருதுச் சொற்களும் பஞ்சாபித் தொடர்களும் இயல்பாகக் கலந்த, தில்லிக் கடைத்தெருவின் மொழி. ஜீத் சிங் கதைகளிலோ மும்பையின் சந்துகளில் புழங்கும் மராட்டி, குஜராத்தி கலந்த கொச்சை முழு உரையாடலையும் தாங்குகிறது. தமிழில் சென்னைத் தமிழை நகைச்சுவைக்கு மட்டும் பயன்படுத்தாமல் துயரத்தையும் அதில் சொன்ன எழுத்தாளர்களை அறிந்தவர்களுக்கு, இது எவ்வளவு உழைப்பைக் கோரும் செயல் என்பது புரியும். குறை என்று சொல்ல வேண்டுமானால் பெண் பாத்திரங்களைச் சொல்ல வேண்டும். துரோகம் செய்யும் மனைவி, மயக்கும் அழகி, காத்திருக்கும் பத்தினி என்ற மூன்று அச்சுகளுக்குள் அவர்களில் பெரும்பாலோர் அடங்கிவிடுகிறார்கள். நீலம் போன்ற சிலரே அதை மீறுகிறார்கள். அக்கால வெகுஜன நாவல்களின் பொதுக்குறை இது என்பது விளக்கமாகலாம், சமாதானம் ஆகாது.

வாசகர்களோடு அவர் வைத்திருந்த உறவு தனியே எழுதத் தக்கது. நாவலின் முகப்பில் 'லேக்கிய' என்ற தலைப்பில், அதாவது ஆசிரியர் உரையாக, சில பக்கங்கள் எழுதுவது அவர் வழக்கம். முந்தைய நாவலைப் படித்துவிட்டு எழுதப்பட்ட கடிதங்களை அங்கே எடுத்துப் பேசுவார். பாராட்டுகளை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. கதையில் கண்ட முரணைச் சுட்டியவர்கள், முடிவு பிடிக்கவில்லை என்றவர்கள், சட்ட நடைமுறை தவறாக இருக்கிறது என்றவர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. விமர்சகர்கள் திரும்பிப் பார்க்காத எழுத்துக்கு, விமர்சனம் இவ்வாறு அஞ்சலில் வந்து சேர்ந்தது. தங்களை 'எஸ்.எம்.பி.யன்' என்று அழைத்துக்கொள்ளும் வாசகர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டு, ஊர்விட்டு ஊர் பயணம் செய்து கூடுவது இன்றும் நடக்கிறது. இலக்கிய விருதுகளின் பட்டியலில் இடம்பெறாத ஒருவருக்கு இத்தகைய நீடித்த வாசகர் பற்று அமைந்ததற்கு, அவர் அவர்களுடைய குறைகூறலை அச்சில் ஏற்றியதும் ஒரு காரணம்.

1990களில் கேபிள் தொலைக்காட்சி வந்ததும் வாடகை அலமாரிகள் காலியாகத் தொடங்கின. மாலையில் இரண்டு மணி நேரம் நாவலுக்குக் கொடுத்தவர்கள் அதைத் தொடர்களுக்குக் கொடுத்தார்கள்; பிறகு செல்பேசி வந்தது. மீரட்டின் பதிப்பகங்கள் பல பள்ளிப் பாடநூல்களுக்கும் தேர்வு வழிகாட்டிகளுக்கும் மாறின. அந்தச் சரிவின் நடுவே பாடக்கின் வாழ்வில் ஒரு திருப்பத்தைச் சென்னை ஏற்படுத்தியது. சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுஜனக் கதைகளை ப்ரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டிருந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா முதலியோர் அதில் இடம்பெற்றார்கள். அதே பதிப்பகம் 2009இல் பாடக்கின் 65 லட்சம் கொள்ளைக் கதையையும் மறு ஆண்டில் இன்னொரு விமல் நாவலையும் சுதர்சன் புரோகித்தின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ரயில் நிலையத்தில் அவரை ஏறெடுத்தும் பார்த்திராத ஆங்கில நாளிதழ்கள், அப்போது 70 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவரைத் தேடிப் பேட்டி எடுத்தன. இந்திக்காரர்கள் தங்கள் எழுத்தாளரைத் திரும்பிப் பார்க்க ஒரு தென்னகப் பதிப்பகமும் ஆங்கிலமும் தேவைப்பட்டன என்பது வருத்தம் கலந்த மகிழ்ச்சி தரும் செய்தி. அடுத்த சில ஆண்டுகளில் ஹார்ப்பர்காலின்ஸ் அவருடைய புதிய நாவல்களை இந்தியில் வெளியிட்டது. 2014இல் வந்த ஜீத் சிங் நாவல் 'கொலாபா கான்ஸ்பிரசி' வெள்ளைத் தாளில் அச்சாகி விமான நிலையக் கடைகளுக்கும் சென்றது.

2018இல் 'ந பைரி ந கோயி பேகானா' என்ற தன்வரலாற்றின் முதல் பகுதி வெளிவந்தது. தலைப்பு குருவாணியிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த பகுதிகளை வெளியிட்டது ராஜ்கமல் பிரகாஷன். இந்தியின் மதிப்புமிக்க இலக்கிய நூல்களை 1947 முதல் வெளியிட்டுவரும் நிறுவனம். பகட்டு அட்டை நாவல்களிலிருந்து ராஜ்கமலின் பட்டியல் வரையிலான தொலைவை இந்தி வாசகர்கள் நன்கு அறிவார்கள். மூன்றாம் பகுதியின் தலைப்பு, குறை சொல்பவர்களைப் பற்றிய கபீரின் ஓர் ஈரடியிலிருந்து வந்தது. இந்த நூல்களின் மதிப்பு ஒரு மனிதரின் நினைவுகளோடு முடிவதில்லை. கையெழுத்துப் படியோடு பதிப்பகம் பதிப்பகமாக அலைந்த அனுபவமும், சக எழுத்தாளர்களின் நட்பும் பொறாமையும், வேறு எந்த ஆவணத்திலும் பதிவாகாத ஒரு புத்தகத் தொழிலின் நடைமுறையும் அவற்றில் இருக்கின்றன.

அந்தத் தொழிலின் பழைய சரக்குகள் இப்போது விரைவாக மறைந்துவருகின்றன. மலிவுத் தாளில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பேறும்போது தாள் அமிலமாகி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடுகிறது. 1960களின் இதழ் நாவல்கள் இன்று திருப்பும்போதே உதிரும் நிலையில் இருக்கின்றன. பொது நூலகங்கள் இவற்றைச் சேமிக்கத் தக்கவையாகக் கருதியதில்லை. ஆகவே பாடக்கின் தொடக்க கால நாவல்களைப் படிக்க விரும்புபவர் நாட வேண்டிய இடம், தில்லியின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில் பல ஆண்டுகள் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்த வாசகர்களின் வீடுகளே. முதல் பதிப்பு எது, தலைப்பு மாற்றி மறுபதிப்பு செய்யப்பட்டது எது, வரிசையில் எது எத்தனையாவது என்ற விவரப்பட்டியல்களை உருவாக்கியவர்களும் அவர்கள்தாம். இந்தித் துறைகளின் ஆய்வாளர்கள் இந்நாவல்களைப் பற்றி எழுதத் தொடங்கும்போது முதலில் புரட்ட வேண்டியிருப்பது அந்தப் பட்டியல்களைத்தான்.